பிரியாணிக்கும் பைபாஸுக்கும் நடுவில்

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்திலும் ரத வீதிகளிலும் கடைவீதியிலும் கடையோ கட்டடமோ வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு,

வெளியூர்க்காரர்கள் நம் ஊருக்கு வருவதில்லை என்ற புலம்பலில் பாதிதான் உண்மை. வரத்தான் செய்கிறார்கள். மதுரை நமக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம், திருச்சி ஏறத்தாழ நூறு. சென்னை, திருச்சிப் பக்கமிருந்து பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற கார்கள் நம்மைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் மலையேறுகிறார்கள், பீரங்கி மேட்டில் நின்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள், இறங்குகிறார்கள், சீரகச் சம்பா பிரியாணி சாப்பிடுகிறார்கள், கை ஈரம் காயும் முன் பைபாஸ் ஏறிவிடுகிறார்கள். பிரியாணிக்கடைக்குக் கல்லா நிறைகிறது. மற்ற கடைகள் அந்தக் காரின் பின்புறத்தை மட்டும் பார்க்கின்றன. ஒருநாள் பயணமாக வருகிறவர் ஒரு ஊருக்கு முதலில் தருவது நேரத்தை. நேரம் தங்கினால்தான் பணம் தங்கும். அவரைச் சாயங்காலம்வரை பிடித்துவைக்கும் சக்தி மலையுச்சியில் கிடையாது, உங்கள் தெருக்களில்தான் இருக்கிறது என்பதே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது. கோட்டையைக் காப்பது மத்தியத் தொல்லியல் துறையின் வேலை. கோட்டைக்குக் கீழே இருக்கும் ஊரைக் காக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது. வேறு யாருக்கும் அதில் லாபம் இல்லை.

இதற்கு ஒரு தூரத்து ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஜெர்மனியின் பவேரியாவில், டௌபர் ஆற்றங்கரை மேட்டில், ரோத்தன்பர்க் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மொத்த மக்கள்தொகை சுமார் 11,000. நம் வத்தலக்குண்டைவிடச் சிறியது. சுற்றிலும் மதில், மதிலின் உட்புறம் கூரை போட்ட நடைபாதை, நெடுக காவல் கோபுரங்கள், உள்ளே செங்குத்துக் கூரை வைத்த வீடுகள். இதைப் பார்க்க ஃபிராங்பர்ட்டிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். 1274-இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னாட்சி நகரமாகி, அடுத்த இருநூறு ஆண்டுகளில் செழித்த ஊர் அது. 1631-இல் முப்பதாண்டுப் போரில் தளபதி டில்லியின் படை ஊரைப் பிடித்தது. மூன்று வருடம் கழித்துக் கொள்ளைநோய் வந்தது. அதற்குப் பிறகு ஊர் எழுந்திருக்கவே இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. இன்று உலகமே வியக்கும் அந்த அழகு, வறுமை பூட்டிவைத்த அழகு.

இங்கேதான் நம் ஊருக்கான பாடம் தொடங்குகிறது. வறுமை ஒரு ஊரின் பழைய கட்டடங்களைத் தானாகவே காக்கும். ஆபத்து வருவது வறுமை நீங்கும்போது. ரோத்தன்பர்க்குக்கு 1873-இல் ரயில் வந்தது. ஓவியர்களும் பயணிகளும் வரத் தொடங்கினார்கள், பின்னாலேயே பணமும் வந்தது. அந்தப் பணத்தால் ஊரை இடித்துப் புதுப்பித்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து, 1898-இல், ஊர்க்காரர்களே ‘பழைய ரோத்தன்பர்க் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கூரையின் சரிவு, முகப்பின் தோற்றம், கடைப் பலகை எல்லாவற்றுக்கும் நாளடைவில் கட்டுப்பாடு வந்தது. இன்றும் அங்கே கடைகளுக்கு முன்னால் இரும்பை வளைத்துச் செய்த சின்னப் பெயர்ப்பலகைகள்தான் தொங்குகின்றன. நம் ஊரும் இப்போது அதே இடத்தில் நிற்கிறது. 1866-இல் நகராட்சியாகி, 1985-இல் மாவட்டத் தலைநகராகி, 2014-இல் மாநகராட்சியாகியிருக்கிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும் நாம் முதலில் இடிப்பது திண்ணையை. அடுத்து மரத்தூண், அப்புறம் நாட்டு ஓடு. அந்த இடத்தில் கண்ணாடி முகப்பு எழுகிறது, அதற்கு மேல் இரண்டு மாடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். பத்து வருடத்தில் அந்தத் தெருவுக்கும் ஒட்டன்சத்திரத்துத் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரியாத தெருவில் எந்தப் பயணி காரை நிறுத்துவார்?

கோட்டைக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் தொடங்கி, திருமலை நாயக்கர் வலுப்படுத்திய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி மைசூருக்காகப் பிடித்துத் தன் அரசியல் வாழ்வின் ஏணியாக ஆக்கிக்கொண்ட கோட்டை. 1790-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொண்ட கோட்டை. பாறையைச் செதுக்கிய படிகள், மதில்கள், வெடிமருந்துக் கிடங்கு, வீரர்கள் தங்கிய அறைகள், மழைநீர் தேங்கும் சுனைகள், உச்சியில் மூலவர் இல்லாத கோவில் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் நிழல் இல்லை. பத்து மணிக்கு மேல் அந்த மொட்டைப் பாறை கல்சட்டி மாதிரி காயும். ஆகவே கோட்டை என்னதான் சிறந்ததாக இருந்தாலும் அது ஒன்றரை மணி நேரக் காட்சிதான். மீதி எட்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டியது கீழே இருக்கும் ஊர். அந்த ஊரில் சரக்கு இல்லையா? மலைமேலிருந்து கீழே வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் அபிராமி அம்மன் இருக்கிறாள், கோட்டை மாரியம்மன் இருக்கிறாள், கோட்டைக்குளம் இருக்கிறது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலமும், அவர் பெயரால் பேகம்பூர் என்றே ஆகிவிட்ட பேட்டையும் பெரிய பள்ளிவாசலும் இருக்கின்றன. சௌராஷ்டிர நெசவாளர்களின் நாகல் நகர் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் சின்னாளபட்டியில் சுங்குடி இருக்கிறது. இவற்றை ஒரே நாளின் நடையாகக் கோத்துத் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டு இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. நாகல் நகர், குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டிப் பக்கம் இன்னும் சில பட்டறைகளில் கையால்தான் செய்கிறார்கள். தகட்டை வெட்டி, தட்டி, மாங்காய் வடிவத்துக்கு வளைத்து, உள்ளே லீவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரிவெட் அடித்து மூடுவார்கள். பட்டறைக்காரர் சாவியின் பல்லை அரத்தால் கொஞ்சம் ராவுவார், பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்ப்பார், ஏதோ ஒரு லீவர் மறிக்கும், மறுபடி ராவுவார். இப்படியே ராவி ராவி, கடைசியில் நாக்கு உள்ளே இழுபடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சாவி அந்தப் பூட்டுக்கு மட்டும் பிறந்தது. பக்கத்துப் பூட்டில் போட்டால் அசையாது. அலிகாரில் இயந்திரத்தில் அச்சாகி வரும் பூட்டோடு விலையில் இதனால் போட்டிபோட முடியாது, அதனால்தான் தொழில் தேய்ந்தது. ஆனால் அரம் ராவுவதை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவரிடம் விலையைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருக்கும். கூலி எவ்வளவு என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே. ரோத்தன்பர்க்கில் இல்லாதது இதுதான். அங்கே இடைக்காலக் கைத்தொழில் பொம்மையாகவும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருளாகவும் கண்ணாடிக்குப் பின்னால் விற்கிறது. இங்கே தொழில், கொஞ்சமாகவேனும், உயிரோடு இருக்கிறது. ஒரு சின்ன நேர்மை மட்டும் தேவை: கையில் செய்த பூட்டைத் தனி அலமாரியில் வையுங்கள், அலிகார் பூட்டை அலிகார் பூட்டு என்றே சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று தலையில் கட்டினால் அது ஒரே ஒருமுறைதான் விற்கும்.

இனி உங்கள் தரப்பு. பலகையைச் சின்னதாக்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதல் கவலை. தனி ஒருவர் சின்னதாக்கினால் படுக்கும்தான், அதை மறுக்கவில்லை. தெருக்கூத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டியதாகிறது. விடிய விடிய எல்லாருக்கும் கால் வலிக்கிறது, யாருக்கும் கூடுதலாக ஒன்றும் தெரிவதில்லை. பலகைச் சண்டையும் அதே மாதிரிதான். பக்கத்துக் கடைக்காரர் பத்தடி வைத்தார் என்று நீங்கள் பன்னிரண்டடி வைத்தீர்கள். ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்கு லாபம். எல்லாரும் ஒரே நாளில் உட்கார்ந்தால் எவருக்கும் நட்டம் இல்லை, தெருவின் முகம் மட்டும் திரும்பக் கிடைக்கும். அதோடு இன்னொன்றும் திரும்பக் கிடைக்கும்: தெருமுனையில் தெரிகிற பாறை. நம் பழைய தெருக்கள் பலவற்றில் நின்று நிமிர்ந்தால் அந்தச் சாம்பல் பாறையும் அதன் நெற்றியில் மதிலும் தெரியும், அல்லது தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சிக்கு நீங்கள் ஒரு பைசா வாடகை கொடுப்பதில்லை. அதை நீங்களே துணி கட்டி மறைத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்டலாம் என்று 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தம் சொல்கிறது. இதைக் காட்டித்தான் “அடிவாரத்தில் ஒரு கக்கூஸ்கூடக் கட்ட விடமாட்டேன் என்கிறார்கள்” என்ற பேச்சு கிளம்புகிறது. அந்தத் திருத்தத்தை ஒருமுறை படித்துவிட்டால் போதும். ‘கட்டுமானம்’ என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்திலேயே பொதுக் கழிப்பறை, வடிகால், பொதுமக்களுக்கான குடிநீர், மின்விநியோகம் ஆகியவற்றுக்கான பணிகளைத் தடைக்கு வெளியே வைத்திருக்கிறது. இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் அனுமதி கேட்க வழி உண்டு. ஆக, காலையில் குடும்பத்தோடு மலையிறங்கும் ஒரு பெண்மணிக்குக் கழிப்பறை தேடி அலைய வேண்டியிருந்தால் அதற்குத் தொல்லியல் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. சுத்தமான கழிப்பறை இல்லாத ஊரில் குடும்பத்தினர் அரை நாள்கூட நிற்க மாட்டார்கள். பெண்களோடு பயணம் போகிறவர்கள் ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் கணக்கே அதுதான். இதை மாநகராட்சியிடம் தனித்தனியாகப் போய்ச் சொன்னால் மனுவாக நிற்கும், வணிகர்கள் சேர்ந்து கட்டிப் பராமரிக்க முன்வந்தால் வேலையாக நடக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது மூன்றாவது. ரோத்தன்பர்க்கின் அழகெல்லாம் அப்படியே தப்பிப் பிழைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் 300-க்கு மேற்பட்ட வீடுகளும் ஒன்பது காவல் கோபுரங்களும் 600 மீட்டருக்கு மேல் மதிலும் போயின. போர் முடிந்து மதிலைத் திரும்பக் கட்டியபோது, ஒரு மீட்டருக்கு இவ்வளவு என்று உலகம் முழுவதிலுமிருந்து நன்கொடை வாங்கினார்கள். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி அந்தந்த இடத்திலேயே பதித்தார்கள். மதில் நடைபாதையில் போகிறவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடக்கிறார்கள். இது நமக்குப் புதிதா என்ன? ட்யூப்லைட் முழுக்க ‘உபயம்’ எழுதி, வெளிச்சம் வர இடமில்லாமல் செய்யும் அளவுக்கு இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் நாம். அதே உபயத்தைக் கொஞ்சம் அடக்கமான எழுத்தில் ஒரு கல் இருக்கைக்கும், ஒரு தெருவின் ஓட்டுக் கூரைக்கும், ஒரு வழிகாட்டிப் பலகைக்கும் கேட்டால் கிடைக்காதா? திருத்திக் கட்டியது எப்படிப் பழமை ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ரோத்தன்பர்க்கில் கல் பாதி புதிது. ஆனால் தெருவின் வளைவும் வீட்டின் உயரமும் கூரையின் சரிவும் பழையவை. பயணி நடந்து உணர்வது அவற்றைத்தான். நம் ஊரில் பல வீடுகள் போய்விட்டன என்பதற்காகக் கையை விரிக்க வேண்டியதில்லை. தெருவின் அகலமும் போக்கும் இன்னும் போகவில்லை.

மிகக் கனமான எதிர்ப்பு வேறொன்று. பயணிகளுக்காகவே வாழும் ஊர் கடைசியில் நாடகக் கொட்டகையாகிவிடும் என்பது. இதை என்னால் முழுதாக மறுக்க முடியாது. ரோத்தன்பர்க்கின் மதிலுக்குள் நினைவுப்பொருள் கடையில் தடுக்கி விழாமல் ஒரு தெருவைக் கடப்பது கடினம். ஆனால் நம் அளவு வேறு. 2011 கணக்கெடுப்பிலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டிய ஊர் இது. பூ மார்க்கெட்டும் வெங்காய மண்டியும் நூல் மில்லும் தோல் பதனிடும் தொழிலும் இருக்கும்வரை திண்டுக்கல் யாருக்காகவும் வேஷம் கட்டப்போவதில்லை. ஆகவே பயம் ஊர் முழுவதற்கும் இல்லை, பூட்டுக்குத்தான். பட்டறையை மூடிவிட்டு, பிளாஸ்டிக்கில் மாங்காய்ப் பூட்டு சாவிக்கொத்து விற்கத் தொடங்கினால் நாமும் அந்தக் கொட்டகைக்குள் போய்விட்டோம் என்று பொருள். பட்டறைக்காரருக்கு, பார்க்க வருகிறவரிடம் கட்டணம் வாங்கிக் கொடுங்கள். பூட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் அன்றைய கூலி அவர் கைக்குப் போகட்டும். அவர் வேலை செய்யும் நேரத்துக்குப் பயணி வரட்டுமே தவிர, பயணி வரும் நேரத்துக்கு அவர் அரத்தைத் தூக்க வேண்டாம்.

கதை சொல்வதிலும் ரோத்தன்பர்க் ஒரு எச்சரிக்கை. 1631-இல் ஒரு முன்னாள் மேயர் மூன்றேகால் லிட்டர் வைனை ஒரே மூச்சில் குடித்து, தளபதி டில்லியை வியக்கவைத்து ஊரைக் காப்பாற்றினார் என்பது அவர்களின் செல்லக் கதை. 1881 முதல் நாடகமாகவே போடுகிறார்கள். வரலாற்றில் அதற்கு ஆதாரம் இல்லை. அதுவாவது பரவாயில்லை, யாரையும் கடிக்காத கதை. ஆனால் அதே ஊரை ‘ஜெர்மானியத்தின் முழு உருவம்’ என்று நாஜிகள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். 1938 அக்டோபரில் அங்கே எஞ்சியிருந்த யூதர்கள் விரட்டப்பட்டார்கள். ஓட்டுக் கூரைகளும் கோபுரங்களும் அப்போதும் இதே அழகோடுதான் இருந்தன. பழமையைக் கொண்டாடத் தொடங்கும் எந்த ஊரும், இந்தப் பழமை யாருடையது என்ற கேள்வியின் விடையைக் குறுக்கிக்கொள்ளும் ஆசைக்கு ஆளாகும். நம் ஊரில் அது எளிதில் நடக்கக் கூடியது. நாயக்கர் கோட்டை என்று ஒரு வழிகாட்டியும் திப்பு கோட்டை என்று இன்னொரு வழிகாட்டியும் மற்றதை விழுங்கிவிட்டுச் சொல்லலாம். நடந்ததோ இரண்டையும் மீறியது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இந்தச் சீமைக்குத்தான். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார், ஹைதர் அலி படை உதவி கொடுத்தார். ஒரு மறவர் அரசி, ஒரு நாயக்கர், ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் மூவரும் சேர்ந்த கதை நம் கையில் இருக்கும்போது, மலையிலிருந்து மதுரைக்குச் சுரங்கப்பாதை போகிறது என்ற புளுகு நமக்கு எதற்கு? தமிழ்நாட்டில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டை எது? ஆகவே நடைப்பயணத்தின் வழி அபிராமி அம்மன் சந்நிதியோடு முடியாமல் பேகம்பூர் பள்ளிவாசல் வரை போக வேண்டும். யார் வந்து வழியை மாற்றச் சொன்னாலும் மாற்றக் கூடாது.

“இது போகிற வழியில் இருக்கும் ஊர்தானே, போய்ச் சேரும் ஊரா?” என்று ஒரு கடைசிச் சந்தேகம் எழும். ரோத்தன்பர்க்கும் அப்படித்தான். வூர்ஸ்புர்க்கிலிருந்து ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபூசன் வரை 1950-இல் ஒரு சுற்றுலாச் சாலைக்குப் பெயர் வைத்தார்கள், அதில் நடுவே வரும் ஊர்களில் ஒன்று அது. பலர் அங்கே வந்தது வேறெங்கோ போகும் வழியில்தான். பழனிக்குப் போகிற குடும்பம் வழியில் எங்காவது நிற்கத்தான் போகிறது. எவ்வளவு நேரம் என்பதில்தான் நமக்குப் பேச்சு.

ஊர் முழுவதையும் ஒரே வருடத்தில் மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ரத வீதியே போதும். அந்தத் தெருவில் பலகை எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று நீங்களே ஒரு அளவைத் தீர்மானியுங்கள். பழைய முகப்பு உள்ள கட்டடம் எத்தனை மிச்சம் என்று எண்ணி, இடிக்கும் முன் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்வதாக உடைமைக்காரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எந்தப் பட்டறை திறந்திருக்கும், பிரியாணி சாப்பிட்டு எழுந்தவர் அங்கே போக ஆட்டோவுக்கு எவ்வளவு என்று எழுதி ஒரு சின்ன அட்டையைக் கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நிற்காமல் யாரும் பைபாஸ் ஏறுவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சாமான் வாங்கும் ஊர்க்காரன்